பிரமிடு கட்டிய மன்னனும் பள்ளிப்படை கண்ட சோழனும்

திருப்பதியிலிருந்து காளத்திக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ராகு–கேது பூஜையை முடித்துக்கொண்டு, வாயு லிங்கத்தைத் தரிசித்து, கண்ணப்பர் மலையை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்து விடுகிறார்கள். அங்கிருந்து சிறிது தொலைவில் தொண்டமநாடு என்று ஓர் ஊர் உண்டு. திருமலையில் கோயில் எழுப்பியதாகத் தல புராணம் கூறும் தொண்டைமான் சக்கரவர்த்தியின் ஊர் என்று அதைச் சொல்லுவார்கள். அந்த ஊரை ஒட்டிய பொக்கசம்பாளையத்தில் ஒரு சோழப் பேரரசனின் நினைவாக எழுந்த கோயில் இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த அரசன் முதலாம் ஆதித்தன். கி.பி. 871 முதல் 907 வரை ஆண்டவன். தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய ராஜராஜனுக்குக் கொள்ளுப்பாட்டன் பராந்தகன். அந்தப் பராந்தகனைப் பெற்ற தந்தை இவன். காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்த குலத்தைச் சேர்ந்தவன் நம் பொன்முகலி ஆற்றுப் பக்கம் வந்து கண்ணை மூடினான். மூடிய இடத்தில் மகன் ஒரு கோயிலை எழுப்பினான். கோதண்டராமேசுவரம் என்றும் ஆதித்தேசுவரம் என்றும் அதற்குப் பெயர். இத்தகைய கோயிலுக்குத் தமிழில் ஒரு தனிச் சொல்லே உண்டு: பள்ளிப்படை.

இறந்த மன்னனுக்காகக் கல்லை அடுக்குவது என்றால் நம் நினைவுக்கு உடனே வருவது எகிப்து. பள்ளிக்கூடப் பையன் கூடப் பிரமிடு என்றால் முக்கோணம் போட்டுக் காட்டுவான். ஆனால் அந்த முக்கோணம் ஒரே நாளில் பிறந்துவிடவில்லை. அது பிறந்த கதையைத் தெரிந்துகொண்டு பிறகு காளத்திப் பக்கம் திரும்பினால், நம் ஊர்ச் சிறு கோயிலின் பெருமை இன்னும் நன்றாக விளங்கும்.

திண்ணையில் தொடங்கியது

எகிப்தில் முதலில் பிரமிடும் இல்லை, கோபுரமும் இல்லை. மன்னரையும் பிரபுக்களையும் மண்ணுக்குள் அறை தோண்டிப் புதைத்து, அதன் மேல் பச்சைச் செங்கல்லால் நீண்ட மேடை ஒன்று கட்டுவார்கள். பிற்காலத்தில் அங்கே வந்த அரபு மக்கள் அந்த மேடைகளைப் பார்த்து 'மஸ்தபா' என்றார்கள். அப்படியென்றால் திண்ணை! நம் வீட்டு வாசல் திண்ணையைப் பெரிதாக்கிப் பாலைவனத்தில் வைத்தது போலத்தான் அவை இருக்கும்.

கி.மு. 2650 வாக்கில் ஜோசர் என்ற மன்னனுக்கு இம்ஹோடெப் என்ற அறிவாளி அமைச்சராக வாய்த்தான். அவன் ஒரு புதுமை செய்தான். செங்கல்லை விட்டுவிட்டுக் கல்லை எடுத்துக்கொண்டான். ஒரு திண்ணைக்கு மேல் சற்றுச் சிறிய திண்ணை, அதற்கு மேல் இன்னும் சிறியது என்று ஆறு அடுக்குகள் உயர்ந்தன. சக்காரா என்ற இடத்தில் இன்றும் நிற்கும் அந்தப் படிக்கட்டுப் பிரமிடின் உயரம் ஏறத்தாழ 200 அடி. எகிப்தில் பெரிய அளவில் கல்லால் எழுந்த மிகப் பழைய கட்டடங்களில் அதுவும் ஒன்று. கட்டியவனை எகிப்தியர் மறக்கவில்லை; பிற்காலத்தில் இம்ஹோடெப்பைத் தெய்வமாகவே வைத்துக் கும்பிட்டார்கள்.

ஒரு மன்னன், மூன்று மலைகள்

ஆனால் உண்மையான பிரமிடுக்குத் தகப்பன் என்று சொல்ல வேண்டுமானால் ஸ்நெப்ரு என்ற மன்னனைத்தான் சொல்ல வேண்டும். நான்காம் அரச பரம்பரையின் முதல் மன்னன், கி.மு. 2600 வாக்கில் ஆண்டவன். கிசாவில் உள்ள பெரிய பிரமிடைக் கட்டிய கூபு இவனுடைய மகன். மகனின் புகழ் உலகெல்லாம் பரவியது. தந்தையின் பெயர் புத்தகங்களில் ஓரமாக நின்றுவிட்டது. இது கொஞ்சம் அநியாயம்தான். ஏனென்றால், தொழிலைக் கற்றுத் தந்தது தந்தையின் காலமே.

மெய்தூம் என்ற ஊரில் ஒரு படிக்கட்டுப் பிரமிடு. முதலில் ஏழு படி, பிறகு எட்டுப் படி என்று வளர்ந்தது. பின்னர் ஸ்நெப்ருவின் ஆட்சியில் படிகளின் இடைவெளியை நிரப்பி, வெளியே வழவழப்பான கல் போர்த்தி, நான்கு புறமும் நேராகச் சரியும்படி செய்தார்கள். இந்த வெளிப்போர்வைக்கு உறுதியான அடித்தளம் அமையவில்லை. அதன் ஒரு பகுதி மணலின் மேலேயே நின்றது. காலப்போக்கில் போர்வை சரிந்து விழுந்தது. இன்று பார்த்தால் இடிபாட்டு மேட்டின் நடுவே ஒரு கோட்டைக் கொத்தளம் போல உள் பகுதி மட்டும் நிற்கிறது.

அடுத்தது தஹ்ஷூர் என்ற இடத்தில். இங்கே முதலிலிருந்தே நேர்ச் சரிவுப் பிரமிடு கட்டத் தொடங்கினார்கள். அடி ஒவ்வொரு பக்கமும் சுமார் 620 அடி. சரிவு 54 டிகிரி. ஏறக்குறைய பாதி உயரம் போனதும் வினை தொடங்கியது. கீழே இருந்த மண் இறுகிய பாறை மண் இல்லை. பாரம் தாங்காமல் கற்கள் விரிசல் விட்டன. உள்ளே இருந்த அறைகளின் சுவர்கள் நெருக்கப்பட்டன. லெபனான் தேசத்திலிருந்து வந்த தேவதாரு மரங்களை முட்டுக் கொடுத்தார்கள். அந்த உத்தரங்களை இன்றும் உள்ளே பார்க்கலாம். (40 கப்பல் தேவதாரு மரம் இறக்கியதாக ஸ்நெப்ருவின் ஆட்சிக் குறிப்பு ஒரு பழைய கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது.) இனி அதே சரிவில் போனால் ஆபத்து என்று கண்டுகொண்ட கட்டடக்காரர்கள், மேல் பாதியை 43 டிகிரியாகச் சாய்த்துவிட்டார்கள். அதனால் அந்தப் பிரமிடு நடுவில் மடங்கி, முதுகு வளைந்த கிழவர் போல நிற்கிறது. 'வளைந்த பிரமிடு' என்றே அதற்குப் பெயர்.

அதோடு மன்னன் நிறுத்தினானா என்றால் இல்லை. சிறிது வடக்கே தள்ளி மூன்றாவதாக ஒன்றைத் தொடங்கினான். இந்த முறை அடிமுதல் நுனிவரை 43 டிகிரிச் சரிவு. அடிப்பக்கம் 720 அடி அகலம். முன்பு கற்களை உள் பக்கம் சாய்த்து அடுக்கினார்கள். இப்போது தரைக்குச் சமமாகப் படுக்க வைத்தார்கள். பாரம் ஒழுங்காக இறங்கியது. சுமார் 344 அடி உயரத்தில் நிற்கும் இந்தச் 'சிவப்புப் பிரமிடு'தான் குறையில்லாமல் முடிந்த முதல் நேர்ச் சரிவுப் பிரமிடு.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்நெப்ரு அடுக்கிய கல், மகன் கூபு அடுக்கியதை விட அதிகம். விழுந்ததும் வளைந்ததும் வீண் போகவில்லை. அந்தப் பாடங்களைப் படித்த கைகளே கிசாவில் பாறைத் தளமாகத் தேடிப் பிடித்து, 756 அடிப் பக்கம், 481 அடி உயரம் என்று கூபுவின் பிரமிடை எழுப்பின. சுமார் 23 லட்சம் கற்கள் என்று கணக்கிடுகிறார்கள். அடுத்த 3,800 ஆண்டுகளுக்கு மனிதன் அதைவிட உயரமாக ஒன்றும் கட்டவில்லை.

மேஸ்திரியின் டைரி

சவுக்கடி பட்ட அடிமைகள் கட்டியது பிரமிடு என்று சினிமாக்களில் பார்த்திருப்போம். 1990க்குப் பிறகு கிசாவில் நடந்த அகழ்வாய்வுகள் இதை மாற்றிவிட்டன. வேலையாட்கள் குடியிருந்த ஊரே கிடைத்தது. ரொட்டி சுட்ட அடுப்புகள், தின்று போட்ட மாட்டெலும்புகள், அவர்களுக்கென்றே கட்டிய சிறு கல்லறைகள் எல்லாம் வெளிவந்தன. ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஒரு பெயர். 'கூபுவின் நண்பர்கள்' என்று ஒரு கோஷ்டி. பின்னால் வந்த மென்கௌரே மன்னனின் பிரமிடில் வேலை செய்த ஒரு கோஷ்டி தன்னை 'மென்கௌரேயின் குடிகாரர்கள்' என்று எழுதிவைத்திருக்கிறது! தமாஷ் பேசுகிற பழக்கம் 4,500 ஆண்டுக்கு முன்பும் வேலைத்தளத்தில் இருந்திருக்கிறது.

2013ஆம் ஆண்டு செங்கடல் கரையில் வாதி அல் ஜார்ப் என்ற இடத்தில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் பியர் தாலேயின் குழுவினர் பாப்பிரஸ் சுருள்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் ஒன்று மெரெர் என்ற மேஸ்திரியின் வேலைக் குறிப்பு. தூரா என்ற சுரங்கத்தில் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லை ஏற்றி, நைல் வழியாகப் படகில் கிசாவுக்குக் கொண்டு சேர்த்ததை நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறான். கூபுவின் கடைசி ஆண்டுகளைச் சேர்ந்தது. இன்று நமக்குக் கிடைத்துள்ள எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இவையே மிகப் பழையவை. மன்னன் பேசியது கிடைக்கவில்லை. மேஸ்திரி எழுதியது கிடைத்துவிட்டது.

கல் இறந்தவர்க்கு உரியது

எகிப்து மன்னர்கள் தாங்கள் வாழ்ந்த அரண்மனைகளைக் கல்லால் கட்டிக்கொள்ளவில்லை. அவை பச்சைச் செங்கல் வீடுகளே. இறந்த பிறகு தங்கப் போகும் வீட்டுக்குத்தான் கல். நம் நாட்டு நிலையும் இதற்கு ஒத்தே இருந்தது. சோழர் அரண்மனை ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டைத் தோண்டியபோது கிடைத்ததும் செங்கல் அடித்தளமே.

இன்னும் பின்னோக்கிப் போனால் நம் சித்தூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளில், பெரிய கற்பலகைகளை நிறுத்தி மேலே ஒரு பலகையை மூடியாக வைத்த பழங்காலக் கல்லறைகள் உண்டு. 'பாண்டவர் குள்ளு' என்று தெலுங்கில் சொல்லுவார்கள்; பாண்டவர் கோயில்கள் என்று பொருள். பாண்டவர்களுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. இரும்புக் காலத்து மக்கள் இறந்தவர்களுக்கு எடுத்த கல்வீடுகள் அவை. எகிப்தியனுக்குத் திண்ணை எப்படியோ, நம் முன்னோருக்கு இவை அப்படி. பிறகு போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் நட்டு, பெயர் பொறித்து, படையல் போடும் வழக்கம் வளர்ந்தது.

கல் இறந்தவர்களுக்கு உரியது என்ற எண்ணம் அக்காலத்தில் வேரூன்றியிருந்ததால்தான் தெய்வத்துக்குக் கல்லில் கோயில் எடுக்க நெடுங்காலம் தயங்கினார்கள் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் செய்தேன் என்று மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டுக் குகையில் பெருமையோடு எழுதி வைத்தது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கு முன் நம் பக்கத்துக் கோயில்கள் செங்கல்லும் மரமும்தான். ரேணிகுண்டா அருகே குடிமல்லத்தில் 1973இல் அகழ்ந்தபோது, இப்போதுள்ள கல் கோயிலுக்குக் கீழே அதற்கு முந்திய செங்கல் கட்டடம் தென்பட்டதும் இதைத்தான் காட்டுகிறது.

துஞ்சினார் என்பதே வழக்கு

சோழர் கல்வெட்டுகள் ஒரு மன்னன் 'இறந்தான்' என்று சொல்லுவதில்லை. 'துஞ்சினான்' என்றே கூறும். துஞ்சுதல் என்றால் உறங்குதல். இறந்த இடத்தையும் பெயரோடு சேர்த்துவிடுவார்கள். சுந்தர சோழர் காஞ்சியில் தமது பொன் மாளிகையில் மறைந்ததால் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'. தக்கோலப் போரில் யானை மேலிருந்தபடியே உயிர் நீத்த ராஜாதித்தன் 'ஆனைமேல் துஞ்சின' தேவன். நம் ஆதித்தன் 'தொண்டைமானாற்றூர் துஞ்சின உடையார்'. அந்தத் தொண்டைமானாற்றூர்தான் இன்றைய தொண்டமநாடு.

துஞ்சியவர் பள்ளிகொண்டிருக்கும் இடத்தில் எழுப்புவது பள்ளிப்படை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குச் சதிகாரர்கள் நள்ளிரவில் கூடும் திருப்புறம்பியம் பள்ளிப்படை நினைவிருக்கும். அந்தத் திருப்புறம்பியத்துப் போரில்தான் ஆதித்தனின் வாழ்வே திசை மாறியது. பல்லவன் அபராஜிதனுக்குத் துணையாக நின்று பாண்டியனை முறியடிக்க உதவியவன் ஆதித்தன். பிற்பாடு அதே அபராஜிதனை எதிர்த்து எழுந்தான். யானை மேலிருந்த பல்லவன் மீது பாய்ந்து அவனைக் கொன்றதாகக் கன்னியாகுமரிக் கல்வெட்டு கூறுகிறது. அதோடு தொண்டை மண்டலம் சோழர் கைக்கு வந்தது. காஞ்சி, திருத்தணி, காளத்தி எல்லாம் அதில் அடக்கம். கோதண்டராமன் என்ற பெயரும் ஆதித்தனுக்கு இருந்ததை அதே கல்வெட்டிலிருந்து அறிகிறோம்.

இங்கே தோற்றவனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணியில் வீரட்டானேசுவரர் கோயில் உண்டு. யானை படுத்தாற்போலப் பின்புறம் வளைந்த தூங்கானை மாடம். அபராஜிதன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் எடுத்தது. அந்தக் கோயிலைப் பற்றி அபராஜிதனே ஒரு தமிழ் வெண்பா பாடினான். அது அங்கே கல்லில் இருக்கிறது. பல்லவ குலத்தின் கடைசி மன்னன் நம் மண்ணில் விட்டுச் சென்றது ஒரு வெண்பா. அவனை வென்றவன் விட்டுச் சென்றது ஒரு பள்ளிப்படை.

ஆதித்தன் சும்மா வாளை மட்டும் சுழற்றியவன் அல்லன். சஹ்ய மலையிலிருந்து கடல் வரை காவிரியின் இரு கரைகளிலும் சிவனுக்குக் கல் கோயில்களை வரிசையாக எடுத்தான் என்று அன்பில் செப்பேடு புகழ்கிறது. அவன் காலத்துக் கோயில்களும் அவன் மகன் காலத்துக் கோயில்களும் அளவில் சிறியவை, அழகில் பெரியவை. சீனிவாசநல்லூர் குரங்கநாதர் கோயில் விமானம் சுமார் 50 அடிதான். ஆனால் தஞ்சை விமானத்துக்கான கை இங்கேதான் பழகியது. ஸ்நெப்ருவின் ஆட்கள் விழுந்தும் வளைந்தும் கற்றதை, சோழரின் தச்சர்கள் சிறிது சிறிதாகச் செய்து கற்றார்கள்.

ஆயிரம் பேருக்கு அன்னம்

ஆதித்தேசுவரத்துக்கு வருவோம். பராந்தகனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 941 வாக்கில், அங்கே ஒரு தமிழ்க் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. திருவிழா நாட்களில் ஆயிரம் பேருக்கு உணவளிக்க நிபந்தம் வைத்த செய்தி அதில் இருக்கிறது. பிராமணர்கள் மட்டுமின்றிப் பல சமயப் பிரிவுகளைச் சேர்ந்த அடியார்களும் அந்தப் பந்தியில் உண்டு. தந்தை மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த இடத்தை மறக்காமல் போற்றியிருக்கிறார்கள்.

எகிப்திலும் இதே கதைதான். பிரமிடு கட்டியதோடு வேலை முடிந்துவிடாது. அதன் பக்கத்தில் ஒரு கோயில், அர்ச்சகர்கள், நாள்தோறும் ரொட்டியும் மதுவும் படையல், அதற்கு வருமானம் தர மானியக் கிராமங்கள் எல்லாம் வேண்டும். வளைந்த பிரமிடைச் சேர்ந்த கோயிலில், நாட்டின் ஒவ்வொரு பகுதியிலும் இருந்த மானியக் கிராமங்களைப் பெண் உருவங்களாகச் செதுக்கி, தட்டில் படையலோடு வரிசையாக நடந்து வருவது போல அமைத்திருக்கிறார்கள். ஸ்நெப்ரு போய் முந்நூறு ஆண்டு கழித்து, கி.மு. 2300 வாக்கில், பெப்பி என்ற மன்னன் ஒரு சாசனம் வெளியிட்டான். ஸ்நெப்ருவின் பிரமிடு ஊரில் வாழ்பவர்களிடம் யாரும் வரி கேட்கக் கூடாது, வெட்டி வேலை வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். நம் ஊர் இறையிலி நிலச் சாசனத்தை எகிப்திய எழுத்தில் படிப்பது போல இருக்கிறது!

ஆனால் சோழனின் பள்ளிப்படைக்கு எகிப்தில் இல்லாத ஒரு சங்கடம் இருந்தது. ஸ்நெப்ருவின் பிரமிடுகள் அவனுடைய நாட்டின் நடுவில், தலைநகரின் பக்கத்தில் இருந்தன. ஆதித்தேசுவரமோ சோழ நாட்டின் வடகோடியில். அதைச் சுற்றிலும் பாணரும் வைதும்பரும் செல்வாக்கோடு இருந்த சீமை. பாணரை ஒடுக்கி, அவர்களுடைய பட்டத்தைக் கங்க அரசன் இரண்டாம் பிரிதிவிபதிக்குப் பராந்தகன் கொடுத்ததைச் சோளிங்கர் கல்வெட்டு கூறுகிறது. அந்தச் சீமையில் தகப்பனுக்குக் கல்லால் கோயில் எடுத்ததில் பாசம் மட்டுமே இருந்தது என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இந்த மண் எங்களுடையது என்று நட்ட எல்லைக் கல்லாகவும் அது நின்றது.

அந்த எல்லை நிலைக்கவில்லை. கல்வெட்டுப் பொறித்து எட்டு ஆண்டுகள்தான். கி.பி. 949இல் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் தக்கோலத்தில் சோழப் படையைச் சிதறடித்தான். அரக்கோணத்துக்கு அருகில் உள்ள அதே தக்கோலம்தான். பட்டத்து இளவரசன் ராஜாதித்தன் அங்கே மாண்டான். தொண்டை மண்டலம் கைமாறியது. ஆயிரம் பேர் உண்ண வைத்த நிபந்தம் பகைவனின் ஆட்சிக்குள் போய்விட்டது.

மேல்பாடியில் தீர்த்த கணக்கு

சித்தூர்க்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. சித்தூர் வழியாக வரும் நீவா நதி தமிழ்நாட்டில் பொன்னையாறு ஆகிறது. அதன் கரையில் மேல்பாடி. கிருஷ்ணன் வென்ற பிறகு இந்த மேல்பாடியில்தான் பாசறை போட்டுத் தங்கினான். கி.பி. 959இல் அவன் வெளியிட்ட கர்ஹாட் செப்பேடு இங்கிருந்து எழுதப்பட்டது. வென்ற நாட்டைத் தன் கீழ் அதிகாரிகளுக்குப் பங்கிட்டுக்கொண்டு, தோற்றவர்களிடம் கப்பம் வாங்கிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்த இடம் இது.

சுமார் அரை நூற்றாண்டு கழிந்தது. ராஜராஜன் வந்தான். அவனுடைய பாட்டன் அரிஞ்சயன் ஆற்றூரில் துஞ்சியவன். அந்தப் பாட்டனுக்குப் பள்ளிப்படை எடுக்க ராஜராஜன் தேர்ந்தெடுத்த ஊர் மேல்பாடி. அரிஞ்சிகை ஈசுவரம் என்று அதற்குப் பெயர் வைத்தான். இப்போது சோளேசுவரர் கோயில் என்பார்கள். பள்ளிப்படை என்ற சொல்லே அங்குள்ள கல்வெட்டில் இருக்கிறது. பகைவன் கொடி பறந்த இடத்தில் பாட்டனைத் தெய்வமாக அமர்த்திய இந்தக் காரியத்தில் ஒரு பேரரசனின் நெஞ்சுரம் தெரிகிறது. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில் அது. சித்தூரிலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய் வந்துவிடலாம்.

அதே ராஜராஜன் கி.பி. 1010இல், தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்குச் செப்புக் கலசம் கொடுத்தான். விமானம் 216 அடி என்று சொல்லுவார்கள். கிசாவின் மூன்றாவது பிரமிடான மென்கௌரேயின் பிரமிடும் கிட்டத்தட்ட அதே உயரந்தான். ஆனால் பிரமிடின் அடி ஒரு பக்கம் 340 அடி. தஞ்சை விமானத்தின் அடி சுமார் 100 அடியே. பிரமிடு பெரும்பாலும் கல் நிரம்பிய மலை. தஞ்சை விமானமோ உள்ளே கூடு. இரண்டு சுவர்களுக்கு நடுவே நடை விட்டு, மேலே போகப் போக அவற்றைச் சேர்த்து, கல்லை ஒவ்வொரு வரிசையாக உள்ளே தள்ளி அடுக்கி, சாந்து பூசாமல் பாரத்தாலேயே பிடித்து நிற்கச் செய்தார்கள். இதைச் செய்த பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரை மன்னன் கல்லில் வெட்ட வைத்தான். இம்ஹோடெப்புக்குக் கிடைத்த மரியாதை நம் தச்சனுக்கும் கிடைத்தது.

காளத்தியில் நாம் கண்டது

அடித்தளம் பிசகினால் என்ன ஆகும் என்பதை அறிய மெய்தூமுக்குப் போக வேண்டியதில்லை. கிருஷ்ணதேவராயர் 1516இல் கட்டிய காளத்தி ராஜகோபுரம், ஏழு நிலை, 2010ஆம் ஆண்டு மே 26ஆம் தேதி சரிந்து விழுந்தது. முன்பே விரிசல் கண்டிருந்த கோபுரம். நல்ல காலமாக ஆட்களை அப்புறப்படுத்தி இருந்ததால் உயிர்ச் சேதம் இல்லை. அந்தச் செய்தியைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். புதிய கோபுரம் எழுந்து 2017இல் குடமுழுக்கு நடந்தது. பக்தர்களும் அரசும் கவனித்த கோபுரம் என்பதால் ஏழே ஆண்டுகளில் திரும்ப எழுந்தது.

ஆள் நடமாட்டம் குறைந்த கோயில்களுக்கு இந்த வசதி கிடையாது. அங்கே ஒரு கல் பெயர்ந்தால் பத்திரிகையில் செய்தி வராது. திருப்பணி என்ற பெயரில் சிமெண்டு பூசுவதாலும், எழுத்துள்ள கல்லைப் படிக்கட்டாக்கிவிடுவதாலும் அழிந்த கல்வெட்டுகள் தென்னாட்டில் ஏராளம். தொண்டமநாட்டுக் கல்வெட்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே படியெடுக்கப்பட்டு நூலாக அச்சேறியிருப்பதால் வாசகம் தப்பித்தது. வாசகம் வேறு, கல் வேறு. தாளில் இருப்பதைப் படிக்கலாம். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒருவன் உளி பிடித்துச் செதுக்கிய இடத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. திருமலையிலும் திருச்சானூரிலும் காளத்தியிலும் உள்ள பழைய கல்வெட்டுகளில் மிகப் பல தமிழில் இருக்கின்றன. 1911இல் வட ஆற்காட்டின் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உண்டாயிற்று. 2022 ஏப்ரலில் அதுவும் பிரிந்து, காளத்தியும் தொண்டமநாடும் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தன. மாவட்டப் பெயர் எத்தனை முறை மாறினாலும் கல் இருந்த இடத்தில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள்தான் நம் வீடுகளில் குறைந்து வருகிறார்கள். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கும் பிள்ளைக்குச் சோழர் காலத்து எழுத்து முதலில் புரியாதுதான். புள்ளி இருக்காது, ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு இருக்காது, நடுநடுவே கிரந்த எழுத்து வரும். ஆனால் க, ட, ப, ம இந்த நான்கையும் பிடித்துக்கொண்டால் மற்றவை மெள்ளப் பிடிபடும். பாட்டனோ பாட்டியோ பக்கத்தில் இருந்து காட்டினால் இன்னும் சுலபம்.

அடுத்த முறை காளத்திக்குப் போகிறவர்கள் ஒரு ஆட்டோ பேசிக்கொண்டு தொண்டமநாட்டுப் பக்கம் போய் வரலாம். எண்ணெய்க் கையோடு சுவரைத் தொடாதீர்கள். விளக்கைக் கல்வெட்டின் மேல் ஏற்றாதீர்கள். எழுத்து தெரிய வேண்டுமென்று சுண்ணாம்போ மாவோ தடவாதீர்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் வெட்டெழுத்து தானாகத் தெளியும். 'மதிரை கொண்ட' என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். மதுரையைத்தான் அப்படி எழுதினார்கள். பாண்டியன் தலைநகரைப் பிடித்த பிறகு பராந்தகன் சூட்டிக்கொண்ட பட்டம் அது. தந்தையின் பள்ளிப்படையிலும் மகன் தன் பட்டத்தை முதலில் போட்டுக்கொண்டு, அதன் பிறகே ஆயிரம் பேரின் சாப்பாட்டுக் கணக்கைத் தொடங்கியிருக்கிறான்.